டபுள்ஸ்காரர் விட்ட கடைசிப் பந்து

கோயமுத்தூரில் தனியாக ஒரு டீ குடித்தறியாத மனிதர் என்றால் அது எங்கள் மில் டபுள்ஸ்காரர்தான். எங்கே போனாலும் ஒரு டீயை இரண்டாகப் பிரித்துத்தான் வாங்குவார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் துணைக்கு ஆள் கிடைக்காத ஒரு நாள், பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“ஏனுங்க, பாதி டீ குடிச்சுப்போட்டுப் போங்க.”

“பஸ்ஸு போயிருமுங்க!”

“பாதிதானுங்க. அதுக்குள்ள போகாதுங்க.”

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அந்த மனிதரோடு நின்று இன்னொரு டீயையும் பிரித்தார்.

ஷட்டில் பந்து ஆடுவதுதான் அவருக்கு உத்தியோகம். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து மில்கள் சிலவற்றில் விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். ரிஜிஸ்தரில் அவர் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஸ்டோர்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. வருஷம் முழுக்க மில்லுக்காக ஊர் ஊராகப் போய் டபுள்ஸ் மட்டும் ஆடுவார். சிங்கிள்ஸ் ஆட என்ன சொன்னாலும் கோர்ட்டில் கால் வைக்க மாட்டார். அவரோடு ஜோடி சேர்ந்து பழகினவர்கள் ஒவ்வொருவராக ரயில்வே, பேங்க் என்று பெரிய வேலைக்குப் போய்விட்டார்கள். போகிறவர் கையில் சென்னிமலை முருகன் கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டு, இவர் அடுத்த ஜோடியைத் தேடுவார்.

இந்த மனிதர் ஏன் தனியாக ஆடுவதில்லை என்பது எனக்குப் பெரிய குடைச்சல். ஒரு நாள் கேட்டேன்.

“தனியா ஆடுனா, நல்லா அடிச்சீங்கன்னு யாருகிட்டச் சொல்றதுங்க?” என்றார்.

இன்னொரு நாளும் கேட்டேன். “மூச்சு வாங்குனா நாம குனிஞ்சு ஷூ லேஸ் கட்டோணுமுங்க. அந்நேரம் அம்பயர்கிட்டப் பேச்சுக் குடுக்க ஒரு ஆளு வேண்டாமுங்களா?” என்றார்.

இரண்டும் நிஜமான பதில் இல்லை என்று எனக்குப் பட்டது.

அந்த வருஷம் புது மேனேஜர் ஒருவர் வந்தார். மில்களுக்குள் நடக்கும் போட்டியில் ஜெயித்தால் டீம் இருக்கும், தோற்றால் டீமைக் கலைத்துவிட்டு டபுள்ஸ்காரரைப் பஞ்சு குடோனுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன வாரமே ஜோடி ஆட்டக்காரர் ரயில்வேக்குப் போய்விட்டார். மில்லில் மட்டை பிடிக்கத் தெரிந்த மிச்ச ஆள் நான் ஒருவன்தான். ஆட்கள் வந்து போகும் நேரத்தை எழுதும் டைம் ஆபீஸ் குமாஸ்தா. தொப்பை குறைய டாக்டர் சொன்னதால் ஆடிக்கொண்டிருந்தவன்.

ஜோடி சேர்ந்து பழகின முதல் நாளே இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பந்து வந்தது.

“நீங்க எடுங்கண்ணா.”

“அட, நீங்களே எடுங்க தம்பி.”

“பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் எப்பிடிங்க?”

பந்து நடுவில் விழுந்து படுத்துக்கொண்டது. பந்தியில் பெரியவர் இலையில் கை வைக்காமல் சோற்றைத் தொடாத உடம்பு இது. அன்று மட்டும் பத்துப் பந்தாவது மரியாதையிலேயே செத்திருக்கும்.

டபுள்ஸ்காரர் மட்டையைக் கீழே வைத்தார். “தம்பி, கோர்ட்டுக்குள்ள மருவாதி ஆகாதுங்க. நீங்க எடுக்கற பந்துன்னா ‘என்னுது’. வெளிய போற பந்துன்னா ‘உடு’. அவ்வளவுதானுங்க. டேய்னு சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டேனுங்க.”

வெளியே பூனைக்குட்டியையே வாங்க போங்க என்கிறவர், கோர்ட்டுக்குள் “என்னுது!” என்று போடும் சத்தத்தில் கேட் வாட்ச்மேன் விசிலை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். எனக்கோ வாய் வரவில்லை. அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் நின்று, நீதானப்பா துணை என்று கும்பிட்டுவிட்டு, “உடு! உடு!” என்று பழகினேன்.

“சாமியப் பாத்து என்ன பேச்சுப் பேசறீங்க?” என்று என் வீட்டுக்காரி கரண்டியோடு வந்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பழகினேன்.

முருகன் கைவிடவில்லை. இறுதி ஆட்டம் வரை போய்விட்டோம். போனோம் என்றால், அவர் ஆடினார், நான் ஒதுங்கினேன். நெற்றி நிறையப் பூசிப்போன விபூதி வேர்வையோடு கண்ணில் இறங்கி இரண்டு பாயிண்ட் போனது மட்டும் என் கைங்கரியம்.

மூன்றாவது செட், கடைசிக் கட்டம். சர்வீஸ் அவர்கள் பக்கம். இந்தப் பந்து போனால் ஆட்டம் போச்சு. பந்து என் தலைக்கு மேலே உயர்ந்து பின்னால் போனது. டபுள்ஸ்காரர் மட்டையை ஓங்கிக்கொண்டு தயாராக நின்றார். திரும்பிப் பார்த்த எனக்குச் சந்தேகமே இல்லை, அது வெளியே போகிறது.

“உடு!” என்று கத்தினேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரியவரை அப்படி அதட்டினேன். அவர் ஓங்கின மட்டையை அப்படியே இறக்கிவிட்டார். பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். ஒருவழியாகக் கத்திவிட்டீர்களே என்று முகமெல்லாம் சிரிப்பு.

பந்து கோட்டின் மேல் விழுந்தது.

மறுநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். “கைக்கு வந்த பந்த உட்டது யாரோட தப்பு?” என்றார். சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து இடி விழுந்தது.

“என்னுது!”

மேஜை மேலிருந்த பேனா உருண்டது. மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். “கோர்ட்டு ஞாபகமுங்க, மன்னிச்சுக்கோணுமுங்க” என்று இவர் உடனே குழைந்தார். என்னைப் பேசவிடாமல் வெளியே இழுத்து வந்துவிட்டார்.

“ஏனுங்கண்ணா இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க? கத்துனது நாந்தானுங்களே?”

“எதுக்குத் தனியா ஆடறதில்லீன்னு கேட்டுட்டே இருந்தீங்கல்லங்க? செயிச்சா ஊட்டுக்குத் தனியாப் போயிரலாமுங்க. தோத்துப்போட்டுத் தனியா நடக்கறது ரொம்ப தூரமுங்க.” அப்புறம் டீக்கடையைப் பார்த்துக் கையைக் காட்டினார். “வாங்க, பாதி பாதி.”

குடோனுக்குப் போனவரை ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பஞ்சுப் பொதியின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் இன்னொருவர். “இங்கயும் சிங்கிள்ஸ் கெடையாதுங்க தம்பி!” என்று தூசிக்குள்ளிருந்து சிரித்தார். உண்மையைச் சொல்ல மேனேஜர் அறைக்கு இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டு தடவையும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து மறித்துவிட்டார். “நான் எடுத்த பந்த நீங்க எடுக்கப்படாதுங்க” என்றார்.

இப்போது தொண்டாமுத்தூர் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை போய்ப் பாதி டீ குடித்துவிட்டு வருகிறேன். அந்தப் பேச்சை எடுத்தால் தென்னை மரத்தைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுகிறார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அச்சில் வந்ததை அவரால் மறிக்க முடியாது.

அண்ணா, மரியாதை இல்லாமல்தான் சொல்கிறேன். அந்தப் பந்து என்னுது.