ஆள் இருந்த அடையாளம்

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் தலையாயது சக்கரமும் அல்ல, நெருப்பும் அல்ல. ஒரு குடும்பம் முப்பத்தொரு வருடம் குடியிருந்த வீட்டைப் பார்ப்பவர்களை, இங்கே எவருமே குடியிருந்ததில்லை என்று நான்கே நாளில் நம்பவைக்கும் கலைதான் அது. அந்தக் கலையில் கரைகண்ட ஓர் அம்மையார், 'இல்லத் தோற்ற ஆலோசகர்' என்ற பட்டத்தோடு பிழைதிருத்துநரின் வீட்டுக்குள் காலடி வைத்தது அந்த வீடு செய்த பாக்கியம்.

பிழைதிருத்துநர் அச்சகத்தில் நாற்பது வருடம் பிறர் விட்ட பிழைகளைப் பொறுக்கி ஓய்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். வீட்டை விற்றுவிட்டு அப்பா தன்னோடு வந்துவிடுவது என்று மகன் முடிவெடுத்தான், அவரும் தலையாட்டியாயிற்று. அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பின்னறையைக் காட்டும்போது, இது அவள் இருந்த அறை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"சொல்லிட்டா போச்சுப்பா," என்றான் மகன்.

"சொல்லவே கூடாது சார்," என்றார் ஆலோசகர். "ஆள் இருந்த அடையாளம் தெரிஞ்சா, வர்றவங்களுக்கு இது நம்ம வீடுன்னு தோணாது. என்னோட முதல் விதியே அதுதான்."

விதிகள் மொத்தம் பதினான்கு. தட்டச்சு செய்து கோப்பில் வைத்திருந்தார். பிழைதிருத்துநர் பழக்கதோஷத்தில் அவற்றில் ஏழு எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தார். ஆலோசகர் புன்னகை மாறாமல் அந்தப் பென்சிலை 'அகற்ற வேண்டியவை' பெட்டிக்குள் போட்டார்.

திருப்பணி தொடங்கியது. குடும்பப் படங்கள் இறங்கின. அதே ஆணிகளில், கடையிலிருந்து சட்டத்தோடு வந்த, பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம் ஏறியது.

"இவங்கல்லாம் யாரும்மா?"

"யாருமில்ல சார். அதுதான் இதுல விசேஷம்."

சாப்பாட்டு மேசைக்கு மெழுகு ஆப்பிள்கள் வந்தன. மருந்து வாடை போக நான்கு வகை வாசனை தெளிக்கப்பட்டது. ஐந்தாவதாக அவற்றின் வாடை போக இன்னொன்று. பின்னறைக் கட்டில் வெளியேறியது. ஜன்னலோரம் ஒரு பாய், ஒரு தட்டில் கூழாங்கற்கள். இரண்டு வருடம் படுத்த படுக்கையாக இருந்தபடியே அவள் வீடு முழுவதையும் அதட்டி ஆண்ட இடம், 'தியான அறை' ஆனது. அவள் பிடித்து எழுவதற்காக அவர் சுவரில் பதிக்கச் செய்த கம்பி ஒன்றுதான் அசையவில்லை. பிடுங்கினால் சுவரும் கூட வரும் என்று கொத்தனார் கைவிரித்துவிட்டார்.

மகனின் ஈடுபாட்டைச் சொல்லாமல் விடுவது பாவம். லீவு போட்டுவிட்டு நான்கு நாளும் காலையிலேயே வந்து நின்றான். கூழாங்கல் ஒன்று இடம் மாறினாலும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. பெற்றவரின் வீட்டின் மேல் பிள்ளைக்கு இத்தனை பாசமா என்று ஆலோசகரே உருகினார்.

பார்வையாளர்கள் வரும் நாள் வந்தது. ஆலோசகர் தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

"சார், நீங்களும் கொஞ்சம் வெளிய..."

"நானுமா?"

"இருக்கிறதுலயே பெரிய அடையாளம் நீங்கதான் சார்."

நியாயம்தான். பிழைதிருத்துநர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பூங்காவுக்குப் போனார். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து, தன் வீட்டு அழைப்புமணியைத் தானே அழுத்தினார்.

உள்ளே ஓர் இளம் தம்பதி வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் கதவைத் திறந்தார். தொழில் தர்மம் காத்தது.

"வாங்க சார். நீங்களும் வீடு பாக்கவா?"

"ஆமாம்மா. பாத்து நாலு நாளாச்சு."

மகன் அவசரமாக மேல்கூரையை ஆராயத் தொடங்கினான். ஊர்வலம் பின்னறைக்குப் போனது.

"இந்தக் கம்பி எதுக்கும்மா?" என்று புதுப் பார்வையாளர் விசாரித்தார்.

"துண்டு போட சார்."

"இவ்வளவு கீழயா?"

"தியானம் பண்றவங்க உக்காந்துதானே சார் இருப்பாங்க!"

"அடேயப்பா, எவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்காங்க!" என்று இளம் கணவர் மெய்சிலிர்த்தார்.

அவர் மனைவிக்குச் சிலிர்க்கவில்லை. கம்பியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்த ஒரு இடம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு. யாரோ ரொம்ப நாள் புடிச்சிருக்காங்க." மகன் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே இந்த வீட்டுப் பையன்? யாருங்க இருந்தாங்க இந்த ரூம்ல?"

பிழைதிருத்துநர் மகனைப் பார்த்தார். அவர் கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கு, தட்டில் வைத்து நீட்டியதுபோல் இடம் கிடைத்திருந்தது.

மகன் ஆலோசகரைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். அப்பாவைப் பார்க்கவில்லை.

"எனக்குச் சரியா தெரியலைங்க," என்றான். "இந்த ரூமுக்குள்ள நானே பல வருஷத்துக்கப்புறம் இந்த வாரம்தான் வர்றேன்."

"பிரமாதம் சார்!" என்று ஆலோசகர் அவன் காதோரம் கிசுகிசுத்தார். "எவ்வளவு இயல்பா சொல்றீங்க!"

இயல்பாக வராமல் என்ன செய்யும்? முதல் பாதி பொய், இரண்டாம் பாதி சத்தியம். அந்த அறையில் அவள் இருந்த அடையாளத்தை அகற்ற ஆலோசகருக்கு முழுதாக நான்கு நாள் பிடித்தது. மகன் இருந்த அடையாளத்தை அகற்றும் சிரமத்தை மட்டும் அவன் யாருக்கும் வைக்கவில்லை. அவள் படுத்திருந்த இரண்டு வருடமும் அந்த வாசலை மிதிக்காமல், அதை அவனே சுத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.