குமிழிக்கு விசிறி வைத்தவன்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், தங்கள் தங்கையும், அவளுடைய முழங்கால் வலியும் சுகம். அவ்விடம் தாங்களும் தங்கள் ரத்தக் கொதிப்பும் இதேபோல் ஒற்றுமையாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. என் மகள் பிளாஸ்டிக் ஆலையில் கிடந்து வேகிறாள் என்றும், தங்கள் அலுவலகத்தில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்றும், மாதம் முடிவதற்குள் அவளை அனுப்பிவைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கும் சரி என்றுதான் பட்டது. அப்போது அவள் ஒன்பது நாளாக வீட்டில் வாய் திறக்கவில்லை. பால் பாக்கெட்டுக்கான மெல்லிய தாளைப் புது ரகப் பிளாஸ்டிக்கில் ஓட்டித் தரச் சொல்லி, ஓர் இயந்திரத்தையே அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அதிலிருந்து ஏறவேண்டிய தாள் ஒன்பது நாளும் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. வியாழக்கிழமை பால் நிறுவனத்து அம்மாள் நேரில் வந்து பார்ப்பார். அன்றும் விழுந்தால் பொறுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த அவமானத்துக்கு முன்னால் பெண்ணைக் கௌரவமாகக் கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்து, வியாழன் காலை தங்கள் கடிதம், ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா மூன்றையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ராஜினாமாவை அங்கேயே எழுதவைத்துக் கையோடு அழைத்துவருவதாக ஏற்பாடு.

மேலாளர் நல்ல மனிதர். இயந்திரக் கூடத்தில் ஓர் ஓரமாக ஸ்டூல் போட்டு, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி உட்காரவைத்தார். உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன், மச்சான். தரையிலிருந்து இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தூண் நின்றது. கிட்டத்தில் பார்த்தால் அது தூண் இல்லை, குமிழி. அடியில் இருக்கும் இயந்திரம் பிளாஸ்டிக் குருணையை உருக்கி, வட்டமான ஓர் இடுக்கு வழியாக மேலே தள்ளுகிறது. உள்ளே காற்றை நிரப்பி ஊதவைக்கிறார்கள். உச்சியில் இரண்டு உருளைகள் அதைத் தட்டையாக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வெளியே அதன் அடியைச் சுற்றி ஒரு வளையம் குளிர்காற்று வீசுகிறது. ஒரே நேரத்தில் மேலே இழுத்து, பக்கத்தில் ஊதி, சுற்றிலும் குளிரவைத்தால் நானாக இருந்தால் கிழிந்திருப்பேன். அது மூச்சு விடாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷமாகப் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தவன் நான். அன்றைக்குத்தான் அதற்கு வெட்கப்பட்டேன்.

என் மகள் வந்து, வேலையில் கண்ணை வைத்துக்கொண்டே விளக்கினாள். பிளாஸ்டிக் என்பது நீள நீளமான சங்கிலிகளாம், நம் கண்ணுக்குத் தெரியாதாம். உருகிக் கிடக்கும்போது சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்குமாம். எனக்குத் தலைமுடி இல்லாததால் தங்கள் தங்கையின் கொண்டையை நினைத்துக்கொண்டேன். வேகமாகத் தள்ளினால் சிக்கு நெகிழ்ந்து இளகி ஓடும், மெதுவாகத் தள்ளினால் முரண்டு பிடிக்கும். இடுக்கில் நசுங்கி வந்தது வெளியே வந்ததும் உப்பும், ஏனென்றால் முன்பு எப்படி இருந்தோம் என்று அதற்கு ஞாபகம் இருக்கும். இதைக் கேட்டதும் உங்கள் குடும்பத்தில் பலருடைய முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. பழைய ரகத்தில் சங்கிலிக்குக் கிளைகள் உண்டு, இழுத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். புது ரகத்தில் கிளை இல்லை. தாள் வலுவாக வரும், ஆனால் குமிழியாக நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் வழுக்கும், காற்று கொஞ்சம் பிசகினாலும் சாய்ந்துவிடும். பிறகு குமிழியில் ஓரிடத்தைக் காட்டினாள். அதற்குக் கீழே கண்ணாடித் தெளிவு, மேலே பால் கலந்ததுபோல் மங்கல். அதன் பெயர் பனிக்கோடு. சூடு தணிந்த சங்கிலிகள் மடிந்து மடிந்து அடுக்காக உட்கார்ந்து படிகமாகிற இடம் அது. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் குமிழிக்குப் பயமில்லை. கோடு மட்டமாக இருக்க வேண்டும், ஆனால் இங்கே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் ஆறாமல் அதிகமாக இழுபட்டு மெலிகிறதாம். ஏன் என்று ஒன்பது நாளாகத் தெரியவில்லை என்றாள். சட்டைப்பையிலிருந்த வெள்ளைத்தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் பால் நிறுவனத்து அம்மாள் உள்ளே வந்தார். எல்லோரும் குமிழிக்கு அந்தப் பக்கம் போனார்கள். என் பெண்ணுக்கு முதுகெல்லாம் வியர்வை. எனக்குப் பக்கத்தில் ஒரு நின்றுவீசும் விசிறி சுவரைப் பார்த்தபடி சும்மா நின்றது. நாற்பது வருஷம் விசிறி ரிப்பேர் கடையில் செம்புக்கம்பிக் காயில் கட்டியவன் நான், சுவரைப் பார்த்து நிற்கும் விசிறியை என்னால் சகிக்க முடியாது. அதன் கழுத்தில் ‘தொடாதே’ என்று ஓர் அட்டை தொங்கியது. எங்கள் தொழிலில் அந்த அட்டை தொங்கினால் விசிறி ரிப்பேர் என்று அர்த்தம். ரிப்பேரான விசிறியைத் தொடாமல் இருப்பதற்கா நான் பிறந்தேன்? மகள் பக்கம் திருப்பி, ஒன்றாம் நம்பரில் போட்டேன். அருமையாகச் சுற்றியது. அந்தப் பூரிப்பில் கொஞ்சம் பொறுத்து நேரே மூன்றாம் நம்பருக்குத் திருகினேன். அடுத்த கணம் அந்த இரண்டு மாடிக் குமிழி குடித்தவன்போல் ஒருபக்கமாகத் தள்ளாடி, வளையத்தில் பட்டு ஓட்டையாகி, புஸ்ஸென்று அடங்கி, சுடச்சுட வழிந்து உட்கார்ந்தது. மேலே தொங்கிய தாள் முழுக்க அவிழ்ந்து வந்து அந்த அம்மாள் தலையில் முக்காடாக விழுந்தது. பெண்ணின் வேலையைக் கெடுக்க வந்தவன் இவ்வளவு சுத்தமாகக் கெடுப்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

மகள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவள் என்னிடம் வந்து, “அப்பா, மூணுல வைக்கிறதுக்கு முன்னாடி எதுல வச்சீங்க?” என்று மட்டும் கேட்டாள். ஒன்றில் என்றேன். “ஒண்ணுல இருந்தப்ப பனிக்கோடு மட்டமா நின்னுச்சு. நான் பார்த்தேன். அப்ப அந்தப் பக்கம் காத்துதான் பத்தல” என்றாள்.

அத்தனை பேர் முன்னாலும் அவள் ஒரு துண்டுத் தாளை நாடாவாகக் கிழித்து, அந்தக் காற்று வளையத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நாடா படபடவென்று அடித்தது. விசிறி இருந்த பக்கம் வந்ததும் அடங்கித் தொங்கியது. அங்கே காற்று கொண்டுவரும் குழாயைக் கழற்றினால், உள்ளே துடைக்கிற துணி ஒன்று உருண்டு கிடந்தது. யாரோ சுத்தம் செய்தபோது மறந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரு மணி நேரத்தில் புதுக் குமிழி ஏறியது. கையுறை போட்ட கைகளால் அவள் அந்தச் சூடான பிளாஸ்டிக்கை மெல்லப் பிடித்து மேலே வழிநடத்தியதைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். பனிக்கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நின்றது. பால் நிறுவனத்து அம்மாள் தாளை இழுத்துப் பார்த்தார், விரலால் குத்திப் பார்த்தார், முக்காட்டை மன்னித்தார். என் மகள் இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கு அதுவரை தெரியாது, மச்சான். சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வெள்ளைத்தாளில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஆகவே தாங்கள் தங்கள் நாற்காலியைத் தாங்களே வைத்துக்கொள்ளவும். தங்கள் தங்கை மகளின் தரம் தெரியாமல் ஜன்னலோரத்தில் உட்காரவைக்கப் பார்த்த தங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது. உறவை மதித்து நிறுத்திக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டிலும் பாதி.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் மகள் இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, “மாமாவை எதுக்குப்பா திட்டுறீங்க? அந்த வேலையைக் கேட்டு அவருக்கு எழுதினதே நான்தான்” என்றாள். நான்காம் நாள் குமிழி விழுந்தபோது, தனக்கு இது வராது என்று தோன்றிவிட்டதாம். அதை என்னிடம் சொல்ல வாய் வராமல், தாங்களே கூப்பிடுவதுபோல் எழுதச் சொன்னாளாம். இத்தனை நாள் தாங்களும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. மேலே தங்களைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அவளால் முடியாது என்று நினைத்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். அதில் ஒருத்தி நாளைக் காலை ஷிப்டுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். மற்றவனை இனி ஆலைக்குள் விடக் கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.