பட்டத்து யானையின் முன்னங்கால்கள்

புது மாப்பிள்ளையின் வாயில் 'முடியாது' என்ற சொல் மட்டும் வராது. மாமனார் வீட்டில் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வான். வயிறு முட்டிய பிறகும் இன்னொரு அதிரசம் வாங்குவான். எனக்கு நீட்டப்பட்டது ஒரு யானை. அதிலும் முன்பாதி.

என் மாமனார் மாணிக்கம், புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். விசில்தான் ரிட்டையர் ஆகியிருந்தது, குரல் ஆகவில்லை. வீட்டில் அவர் இருமினால் மிக்ஸி நின்றுவிடும். கல்யாணமான புதிதில் என்னிடம் அவர் பேசியது இரண்டே வாக்கியம்தான்: "வாங்க மாப்ள." "சாப்பிடுங்க மாப்ள." மாமியார் அன்னலட்சுமி அதைவிடக் குறைவாகப் பேசுவார். பேச வாய் திறக்கும்போதே மாமா பதில் சொல்லி முடித்திருப்பார்.

மாமா ஒரு கலை மன்றத்துக்குச் செயலாளர். அந்த வருடம் அவர்கள் சென்னையிலிருந்து ஒரு இசை நாடகக் குழுவை வரவழைத்திருந்தார்கள். ஊர் ஊராகச் சுற்றி வரும் குழு. இரண்டு மணி நேரம் பாட்டு, ஆட்டம், பின்னணியில் பெரிய எல்.இ.டி. திரை. கதை என்னவோ நம் பாட்டன் காலத்துக் கதைதான். வாரிசில்லாமல் ராஜா இறந்துபோகிறார், பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள், அது ஆடு மேய்ப்பவன் கழுத்தில் போடுகிறது, அவன் ராஜா ஆகிறான். டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. (டிரில் மாஸ்டர் வீடு தேடி வந்து விற்றால் வாங்காமல் இருக்க முடியுமா? பாதி ஊர் அவரிடம் முட்டி போட்டிருக்கிறது.)

சனிக்கிழமை சாயங்காலம், நாடகம் தொடங்கச் சற்று முன்பு, மாமா அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவில் தலையை நீட்டினார்.

"மாப்ள, கொஞ்சம் இங்கிட்டு வாங்க."

எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது வாக்கியம்! சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

உள்ளே டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். யானைக்குள் நடப்பவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாக மெட்ராஸ் ஐ வந்துவிட்டதாம். (ஒரே யானைக்குள் இருந்தால் ஒட்டாமல் என்ன செய்யும்?) கறுப்புக் கண்ணாடி போட்டபடி இருவரும் மூலையில் சோகமாக இருந்தார்கள்.

"வேற ஆள் தேட நேரமில்ல. நம்ம மன்றத்து மானம் மாப்ள. நானும் நீங்களும் எறங்கிருவோம்" என்றார் மாமா.

"உயரமா இருக்கறவர் முன்னாடி. சார் பின்னாடி" என்றார் டைரக்டர்.

"நான் செயலாளருங்க. பின்னாடியா?" மாமாவின் முகம் சுருங்கியது. ஆனால் அவர் என் தோளுக்குத்தான் இருந்தார். ஒன்றும் செய்ய முடியவில்லை.

யானையின் தலைக்குள் என் மூக்குக்கண்ணாடி நுழையவில்லை. கழற்றச் சொன்னார்கள். அது இல்லாவிட்டால் எனக்கு உலகம் வெறும் வண்ணக் குழம்பு. விஷயம் தெரிந்து ஓடிவந்த என் மனைவி கயல், "ஐயோ, கண்ணாடி இல்லாட்டி இவுகளுக்கு வாசல் எது சொவரு எதுன்னே தெரியாதுப்பா" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். "தெரியாதா மாப்ள?"

"அதெல்லாம் நல்லாத் தெரியும் மாமா" என்றேன்.

டைரக்டர் பாடம் சொன்னார். "ரொம்ப சிம்பிள் சார். பின்வாசல்ல இருந்து நடுப்பாதையில நேரா வாங்க. பலகை போட்டிருக்கும், அது வழியா மேடை ஏறுங்க. மஞ்சத் தலைப்பாகை கட்டிட்டு ஒருத்தர் நிப்பார். அவர் கழுத்துல மாலையப் போடுங்க. அவ்வளவுதான்."

மஞ்சள். அதை மட்டும் மனதுக்குள் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

மேளம் முழங்க, கதவு திறக்க, யானை புறப்பட்டது. உள்ளே பழைய பஞ்சும் ஃபெவிகாலும் கலந்த வாடை. முதுகுக்குப் பின்னால் மாமா குனிந்தபடி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "லெஃப்ட்... லெஃப்ட்... லெஃப்ட் ரைட் லெஃப்ட்" என்று கமாண்ட் கொடுத்தார். நான் தயங்கினால் அவர் வந்து முட்டுவார். நான் எட்டிப் போட்டால் அவர் பின்தங்குவார். யானை ஆர்மோனியத் துருத்தி போலச் சுருங்கி விரிந்து சுருங்கி வந்ததாகக் கயல் பிறகு சொன்னாள்.

"ஸ்டெப்பு தப்புது மாப்ள!"

"சரிங்க மாமா."

யானையின் வாய் வழியாகப் பார்த்தேன். எதிரே வெளிச்சக் குழம்பு. அதன் நடுவே, கொஞ்சம் இடப்பக்கமாக, நெட்டுக்குத்தலாக ஒரு மஞ்சள். தேடியது கிடைத்த மகிழ்ச்சியில் நெருங்கிப் போனேன். துதிக்கைக்குள் இருந்த கம்பியைத் தூக்கி, மாலையை அழகாக இறக்கினேன். கைதட்டல் காதைப் பிளந்தது. பட்டாபிஷேகப் பாட்டு அதிர்ந்தது. மேலிருந்து காகிதப் பூ கொட்டியது.

"போட்டாச்சா?" என்றது பின்னங்கால்.

"போட்டாச்சு மாமா."

"யாருக்கு?"

"ராஜாவுக்குத்தான் மாமா."

பின்னங்கால் தரையைத் தட்டிப் பார்த்தது. பிறகு, "அப்ப நாம இன்னும் மேடையே ஏறலையே மாப்ள?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். முதல் வரிசை ஓரத்து நாற்காலியில் செயலாளரின் மனைவிக்கு இடம் போட்டிருந்தார்கள். யானை வருவதைப் பார்த்ததும் பக்தியோடு எழுந்து கும்பிட்டு நின்றிருக்கிறார். மஞ்சள் பட்டுப்புடவை. தலை நிறைய மஞ்சள் செவ்வந்தி. கழுத்தில் நான் போட்ட மாலை.

ஊரறிய என் மாமியாருக்கு மாலை போட்டிருந்தேன். அவருடைய கணவரை முதுகில் சுமந்துகொண்டு.

மேடையிலிருந்த ஆடு மேய்ப்பவர் கெட்டிக்காரர். இறங்கி வந்து வணங்கி, "தாயே! பட்டத்து யானை பொய் சொல்லாது. சிம்மாசனம் ஏறுங்கள்" என்றார். கயல் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மாமியார் உதறிவிட்டு ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் தட்டுத் தடுமாறிப் பின்னாலேயே பலகையில் ஏறினோம். (ராணி இருக்கும் இடத்தில்தானே யானை நிற்க வேண்டும்?)

மந்திரி மைக்கை நீட்டினார். "அரசியாரே, தங்கள் முதல் ஆணை?"

மாமியார் யானையை மேலும் கீழும் பார்த்தார். முன்னங்கால்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. பின்னங்கால்கள் அளவெடுத்த மாதிரி அகட்டி, 'ஸ்டாண்ட் அட் ஈஸ்'ஸில் நின்றன.

"அந்தப் பின்னங்காலு ரெண்டும் எங்க வீட்டுக்காரருதுங்க" என்றார்.

மைக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து வீட்டுல எல்லாரும் அட்டென்ஷன்லயே நிக்கிறோம். எனக்கும் ஒரு நாளைக்கு ஸ்டாண்ட் அட் ஈஸ் வேணும். ஞாயித்துக்கெழமை காலையில காப்பி அவரு போடணும். நான் எந்திரிக்க மாட்டேன். இதாங்க ஆணை."

கூரை பறந்துவிடும் போலச் சிரிப்பு. பின்வரிசையிலிருந்து யாரோ பழைய மாணவர், "டிரில் சார், ஏத்துக்கங்க சார்!" என்று கத்தினார். இவ்வளவு காலம் முட்டி போட்ட வலி அந்தக் குரலில் இருந்தது.

எனக்குப் பின்னால் சூடான பெருமூச்சு ஒன்று கேட்டது. என் தாம்பத்தியம் இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். யானையின் பின்னங்கால்கள் குதிகால் சேர்த்து அட்டென்ஷனுக்கு வந்திருந்தன.

மாமியார் மாலையைக் கழற்றி ஆடு மேய்ப்பவர் கழுத்தில் போட்டார். "நாட்டை நீங்களே பாத்துக்கங்க தம்பி. எனக்கு ஞாயித்துக்கெழமை போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். நாடகம் அதன் வழியில் முடிந்தது.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருச்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடிவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்துப் படுத்தேன்.

விடிந்ததும் மாமா கதவைத் தட்டினார். கையில் பால் பாத்திரம்.

"மாப்ள, இந்த டிகாஷனுக்குத் தூளு எம்புட்டுப் போடணும்?"

"எனக்கும் தெரியாதுங்க மாமா."

"தெரியாட்டி என்ன, வாங்க. பின்னங்காலு மட்டும் தனியாப் போனா யானை எப்படி நடக்கும்?"

அன்று நாங்கள் போட்ட காப்பியை மாமியார் படுக்கையிலேயே உட்கார்ந்து குடித்தார். முகம் கோணியது. ஆனால் சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அந்த வாரமே எனக்கும் மாமாவுக்கும் கண் சிவந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து யானையை மாற்றி மாற்றித் திட்டினோம். அன்றிலிருந்துதான் அவர் என்னிடம் பேசத் தொடங்கினார். இப்போது நிறுத்துவதே இல்லை.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "முன்னங்காலு வந்துருச்சு, பின்னங்காலு எங்க?" என்றுதான் வரவேற்பு. மாமா பழைய நினைப்பில் குரலை உயர்த்தினால் கயல், "அரசியைக் கேட்டீங்களாப்பா?" என்பாள். குரல் இறங்கிவிடும்.

போன மாதம் என் மகளின் டீச்சர் போன் செய்தார். வகுப்பில் வீட்டில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். இவள் எழுந்து, "எங்க அம்மாச்சி ராணி, அப்பாவும் தாத்தாவும் யானை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார்... நீங்க யானை ஏதும் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கலைங்க டீச்சர்" என்றேன். "யானையா இருந்தோம்."