மட்டிக்குலையின் உட்பொருள்

ஜாஸ்மியின் கல்யாணம் நின்றுவிட்டதாக இரணியல் முழுக்கப் பேச்சு. காரணம் கேட்டால், அஞ்சுகிராமத்து மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த வாழைக்குலை என்கிறார்கள். நகைக்காக நின்ற கல்யாணம் உண்டு, பழத்துக்காக நிற்குமா? விசாரிக்கக் கிளம்பினேன். விசாரித்ததில் அகப்பட்டது ஒரு மனித இனம். உங்கள் தெருவிலும் ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் பெயர் உட்பொருள் ஆசாமி.

இந்த ஆசாமிக்கு உலகத்தில் எதுவும் அதுவாகவே இருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீங்கள் ஒரு கட்டைவிரல் போட்டால் கோபம், இரண்டு போட்டால் கிண்டல், ஒன்றுமே போடாவிட்டால் சதி. துக்க வீட்டில் முன்னால் உட்கார்ந்தால் சொத்தில் கண், பின்னால் உட்கார்ந்தால் சொத்து ஏற்கெனவே கைமாறிவிட்டது. மழைக்கு ஒதுங்கி நின்றால்கூட யாருடைய வாசலில் ஒதுங்கினீர்கள் என்பதற்கு ஒரு தனி வியாக்கியானம். நீங்கள் தும்மியது சளியால் என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்கு மட்டும் உட்பொருள் கிடையாது. வெறும் திமிர்.

எங்கள் தெருவில் இந்தப் பதவி ராஜையன் சாருக்கு. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குறியீட்டைப் பிரித்துச் சொல்லும் மின்சுற்றான டிகோடர் பாடத்தில் புலி. வயிற்றெரிச்சலே அதுதான். நிஜமான டிகோடர் எவ்வளவு அடக்கமான ஜீவன் தெரியுமா? மூன்று கம்பிகளில் ஒன்றும் பூச்சியமுமாகச் செய்தி வந்தால், எட்டுக் கம்பிகளில் அதற்குரிய ஒன்றை மட்டும் எழுப்பும். மற்ற ஏழும் கப்சிப். அனுமதிக் கம்பியில் உத்தரவு வராதவரை எட்டுமே வாய் திறக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறியீடு போடுகிறவனும் பிரிக்கிறவனும் முன்கூட்டியே ஒரே அட்டவணைக்கு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இதை ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் வரைந்தவர் வீட்டுக்கு வந்தால் எட்டுக் கம்பியும் எரியும். அட்டவணை அவருடையது. அனுமதியா? யார் கேட்டார்கள்?

நான் போனபோது அவர் ஜாஸ்மியின் வீட்டில்தான் இருந்தார். ஜாஸ்மியின் அம்மா சத்தியபாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வரும் ஞாயிறு சபையில் போதகர் கல்யாண ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று ஊரறிய அறிவிக்க வேண்டும். தவறினால் பிடித்து வைத்த மண்டபமும் தேதியும் போய்விடும்.

"நல்ல நேந்திரம்பழமா, ஏத்தன்குலை கொண்டு வந்திருந்தா மரியாதை," என்றார் ராஜையன். "கொண்டு வந்தது சின்னப் பழமா மட்டிக்குலை. மட்டி யாருக்குக் குடுக்கது? கைக்குழந்தைக்கு. பெண்ணுக்கு ஒரு விவரமும் தெரியாதுன்னு குத்திக் காட்டுதாவ. அதிலயும் ஒரு சீப்பு குறையுது, பாத்தியளா? இனி எல்லாத்திலயும் குறை சொல்லுவோம்னு அர்த்தம்."

"அவியகிட்ட கேட்டியளா?" என்றேன் சத்தியபாயிடம்.

"கேக்கவா? அவிய போன் வந்தா எடுக்காண்டாம்னு சாருதான் சொன்னாரு."

"எடுத்தா நாம எறங்கிப் போறோம்னு அர்த்தம்," என்றார் சார்.

அடுக்களை வாசலில் நின்ற ஜாஸ்மிக்குப் பொறுமை போயிற்று. "எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லுதீங்களே சார், ஓலை வாசிக்கலைன்னா எனக்கு என்ன ஆவும்னு ஒரு அர்த்தம் சொன்னீங்களா?" என்றவள், மாப்பிள்ளை பெனிஷை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தாள்.

"என்னத்துக்கு மட்டிக்குலை கொண்டு வந்தீங்க?"

"ஏட்டி, ஒரு வாரமா போனை எடுக்காம இருந்துட்டு இதைக் கேக்கதுக்கா கூப்பிட்ட? தோட்டத்துல அதுதான் பழுத்து நின்னுது."

"ஒரு சீப்பைக் காணோமே?"

"கார்ல வரும்போது பசிச்சுது. தின்னோம். அது கெடக்கட்டும், உனக்கு இஷ்டம் இல்லியா? போனை எடுக்கலைன்னா அதுதான் அர்த்தம்னு எங்க சித்தப்பா தெனமும் சொல்லுதாரு. அம்மை அழுதுட்டு இருக்கா."

பார்த்தீர்களா? அஞ்சுகிராமத்திலும் ஒன்று இருக்கிறது. இரண்டு டிகோடர்கள், இரண்டு அட்டவணைகள், நடுவில் ஒரு பாவப்பட்ட குலை.

சத்தியபாய் போனைப் பிடுங்கி, "மாப்ள, ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துருங்க," என்றாள். ராஜையன் சார் அசைந்தாரா? என் காதருகே குனிந்தார்: "பழுத்து நின்னுதுன்னு சொன்னான், கவனிச்சீரா? பையனுக்கு வயசு கூடுதல்."

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தாயிற்று. வாசிக்கும்போது போதகர் இருமுறை இருமினாராம்; சார் அதைத் தீவிரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றுதான் பாக்கி. வந்த குலைக்குப் பதில் குலை பெண் வீட்டிலிருந்து போக வேண்டும் என்பது முறை. சத்தியபாய் இன்னும் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று உங்களுக்குச் சட்டென்று ஒரு காரணம் தோன்றியதே, அதை உங்களிடம் யார் கேட்டது?