தளவாய் சாரின் தெய்வீகக் கரைசல்

குற்றாலத்தில் அருவிக்கு அடுத்தபடியாகக் கூட்டம் கூடியது தளவாய் சார் வீட்டு வாசலில்தான். அருவியில் நின்றால் அழுக்காவது போகும். இங்கே வந்தவர்களுக்கு நாற்றம்தான் மிச்சம். ஆனாலும் கடையத்திலிருந்து வேன் வந்தது, புளியறையிலிருந்து லாரி வந்தது. யானைகூட வந்ததாக அவரே சொல்லிக்கொண்டார்.

காரணம், மூன்று வருஷம் டிவி மேல் மொட்டுக்கூட வைக்காமல் கிடந்த ஓர் ஆர்க்கிட் செடி. முப்பத்துநாலு வருஷம் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தி ஓய்வுபெற்ற தளவாய் சார், அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத் தோல், புளித்த மோர், பெருங்காயம் எல்லாவற்றையும் ஒன்பது நாள் ஊறவைத்து ஊற்றினார். நாற்றம் தாங்காமல் மனைவி ஆனந்தவள்ளி செடியைத் தொட்டியோடு தூக்கி வாசல் மாமரத்தில் கட்டினார். சாரல் தொடங்கிய மாதத்தில் ஊதாவாக ஏழு பூ! வாட்ஸ்அப்பில் அது எழுபது ஆனது. ஆக்கியவரும் தளவாய்தான்.

முதலில் அது வெறும் இயற்கை மருந்து. நாலு பேர் கும்பிட்டதும் தெய்வீகக் கரைசல். தினமும் விடியுமுன் அருவியிருக்கும் திசையைப் பார்த்து, மூச்சை அடக்கி ஊற்ற வேண்டும். மூச்சை அடக்கும் விதி மட்டும் உண்மையிலேயே அவசியம். காசு வாங்கவில்லை, கும்பிடுதான் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தென்காசித் தோட்டப் பிரியர்கள் பொன்னாடை போர்த்துவதாக இருந்தார்கள். நன்றியுரையைக் கண்ணாடி முன் பதினொரு தடவை பேசிப் பார்த்துவிட்டார்.

வியாழக்கிழமை தென்காசிக் காளீஸ்வரி ஒரு பையோடு வந்தாள். உள்ளே ஓர் ஆர்க்கிட், வேர் கூழாகிக் கிடந்தது.

"மக முதல் சம்பளத்துல வாங்கித் தந்தது அண்ணாச்சி. நீங்க சொன்னபடி மூணு வாரமா ஊத்துதேன். அழுகிட்டு."

"நம்பிக்கை குறைஞ்சிருக்கும்மா."

சொன்ன பிறகு அவருக்கே கூசியது. பரீட்சைத்தாளில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பார்.

காளீஸ்வரி நேரே மாமரத்துக்குப் போய், அதிசயத் தொட்டிக்குள் மூக்கை விட்டாள்.

"என் செடி நாறுது, வீடு நாறுது, சேலைகூட நாறுது. இது மட்டும் மழைத்தண்ணியா மணக்கு? இன்னைக்கு ஊத்தினியளா இல்லையா?"

"ஊத்தினேன்! சத்தியமா!"

கூட்டம் வரிசையில் நின்று மோந்து பார்த்தது. நாற்றமே இல்லை.

ஆனந்தவள்ளி வெளியே வந்தார். "அவுக ஊத்துனது நெசம்தான். அவுக ஊத்திட்டு உள்ள போனதும் நான் பைப்பைத் திறந்து கழுவிவிட்டதும் நெசம்தான். தெனமும்! இல்லன்னா இதுவும் அழுகியிருக்கும்."

"அப்போ பூத்தது?" என்றாள் காளீஸ்வரி.

"இருட்டுல கெடந்த செடிக்கு வெளிச்சமும் சாரலும் கெடைச்சுது. பூத்துது. இதுக்கு மூச்சை வேற அடக்கணுமாக்கும்!"

தளவாய் கடைசியாக ஒரு பிடி தேடினார். "என் கரைசல் நாறலன்னா நீ செடியை வெளிய கட்டியிருப்பியா?"

"அப்போ பொன்னாடையை நாத்தத்துக்கே போர்த்தச் சொல்லுங்க."

முதலில் சிரித்தவர் தளவாயேதான். ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று ஆயிரம் பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொன்ன வாய் அது! அங்கேயே போன் போட்டுப் பொன்னாடையை வேண்டாமென்றார். ஆனந்தவள்ளி அழுகிய வேர்களை நறுக்கி, "ரெண்டு வேர் பச்சையா இருக்கு, பிழைச்சிரும்," என்று செடியைக் காளீஸ்வரியிடம் தந்தார்.

கூட்டத்தில் கடையத்து மணிமுத்து மெல்லக் கேட்டான்: "அப்போ அண்ணாச்சி, மகிமை மாமரத்துக்கா?" அதற்குள் இன்னொருவன் மரத்தில் கால் வைத்துவிட்டான்.

"ஏலே, இறங்குலே!" என்று கத்தினார் தளவாய். "செடியை மூணு வருஷம் டிவி மேல வச்சேன். என் மூளையையும் அங்கனயேதான் வச்சிருந்திருக்கேன். உங்களுது எங்கன இருக்குன்னு தேடி, எடுத்து வெளிச்சத்துல வைங்கலே!"

எல்லோரும் பயபக்தியோடு கும்பிட்டு, அந்த வாக்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சாயங்காலம் மாமரத்தில் கைக்கு எட்டிய உயரம்வரை ஓர் இலை இல்லை.