மாடிக் கம்பத்துப் பூசணிக்காய்

கச்சிராயபாளையம்,
வியாழன் இரவு.

அன்புள்ள கவியரசன் மாமாவுக்கு மலர்விழி எழுதுவது. இதை யாரிடமும் காட்டாதீர்கள் மாமா, உங்கள் நெட் ஆபீஸ்காரர்களிடம்கூட. போட்டோ எடுத்து அம்மா போனில் அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடுகிறேன், நீங்களும் படித்ததும் அழித்துவிடுங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவாள். இங்கு எல்லோரும் நலம். அப்பா மட்டும் உங்கள் மேல் கோபத்தோடு நலம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா நெட் பெட்டியைக் கழற்றி உங்கள் ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டு, இனி உங்கள் முகத்திலேயே விழிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டு வரப்போகிறார். பெட்டி போனால் என் கணக்கு வகுப்பும் போய்விடும் மாமா. எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

நடந்தது இதுதான். மலையடிவாரத்து டவரைப் பார்த்தபடி எங்கள் மாடிக் கம்பத்தில் ஒரு வெள்ளைத் தட்டு மாட்டினீர்களே, நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது என்றீர்கள் என்று அப்பா காய்க்கிற தென்னையைக்கூட வெட்டினாரே, அதற்கு மறுநாளே பக்கத்து வீட்டுப் பூமாலை அத்தை சுவர் மேல் எட்டிப் பார்த்து, "இன்னாடி, உங்க வூட்ல படம் நிக்காம ஓடுதாமே, எங்க வூட்ல சுத்திக்கினே கெடக்குது" என்றது. அன்று சாயங்காலமே அம்மா ஒரு பூசணிக்காய்க்கு மீசை வரைந்து, கண்ணு படாமல் இருக்கத் தட்டுக்கு நேர் முன்னால் கட்டிவிட்டாள். நெட் குறைந்தது. "பாத்தியா, கண்ணு பட்டுப்போச்சி" என்று அதைவிடப் பெரிய காயாகக் கட்டினாள். நெட் சுத்தமாக நின்றது. அப்பா உங்களைக் கூப்பிடுவார். படித்த தம்பி பார்த்தால் சிரிப்பான் என்று அம்மா காயை இறக்கி மறைத்துவிடுவாள். நீங்கள் வந்து பார்த்தால் நெட் பறக்கும். சாப்பிட்டு பஸ் ஏறுவீர்கள், காயும் கம்பம் ஏறும்.

அப்பா நேற்று கத்தினார்: "உன் தம்பி வந்தா ஓடுது, போனா நின்னுபூடுது. அங்க ஆபீஸ்ல குந்திக்கினு எதையோ அமுக்குறான். எல்லாம் நம்ம வூட்டுக் கோழிக் கொழம்புக்குத்தான்!"

"என் தம்பி இன்னா சோத்துக்குச் செத்தவனா?"

"மூணு தபா வந்தான், மூணு கோழி போச்சே, அதுக்கு இன்னா சொல்ற?"

எனக்கும் இன்றுவரை புரியவில்லை மாமா. சாயங்காலம் காற்று அடித்தது. காய் ஆடி விலகும்போது கணக்கு சார் பேசுகிறார், நேராக வந்து நின்றால் அவரும் வாயைத் திறந்தபடி நின்றுவிடுகிறார். அப்புறம்தான் உறைத்தது, உள்ளே அவ்வளவும் தண்ணிதானே, டவரிலிருந்து வருவதை அதுதான் மறைக்கிறது. எல்லோரும் தூங்கினதும் மாடிக்குப் போய்க் கயிற்றை அறுத்துட்டேன். நெட் பிச்சிக்கினு ஓடுது. காய் என் கட்டிலுக்கு அடியில் மீசையோடு முறைச்சிக்கினு கெடக்குது. திருஷ்டிக் காயை அறுத்து வீட்டுக்குள் வைத்தவள் நான் என்று தெரிந்தால் என்ன ஆகுமோ.

நாளைக் காலையில் அம்மாவுக்குப் போன் செய்து, தட்டுக்கு முன்னால் காய்கறி எதுவும் தொங்கக் கூடாதென்று ஆபீஸ் உத்தரவு வந்திருப்பதாகச் சொல்லிவிடுங்கள். என் பேரை மட்டும் இழுக்காதீர்கள். உங்கள் வீட்டு அத்தைக்கு என் வணக்கம், குட்டிப் பாப்பாவுக்கு என்

மாமா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள்

பின்குறிப்பு (சனிக்கிழமை): தட்டியது அப்பா. "மலரு, நெட்டு வந்துடுச்சி, எழுந்து படி" என்றார். விடிந்ததும் அம்மா அறுந்த கயிற்றைப் பார்த்து ஓவென்று அழுதாள். அப்பாதான் தேற்றினார்: "பூசணிக்காய் களவு போச்சி, நெட்டு வந்துச்சி. அப்படின்னா இன்னா? களவாடினவன் நம்ம திருஷ்டியையும் சேத்துத் தூக்கிக்கினு பூட்டான்." அம்மாவுக்கும் அது சரியாகப் பட்டுவிட்டது. பெட்டி இங்கேயேதான் இருக்கும், அப்பாவுக்கு உங்கள் மேல் கோபமும் இல்லை. அதனால் நீங்கள் போன் எதுவும் செய்ய வேண்டாம் மாமா. மிச்ச திருஷ்டியும் போகட்டும் என்று இனி வெள்ளிக்கிழமைதோறும் அம்மா புதுக் காய் கட்டப்போகிறாள். திருடன் தவறாமல் வருவான்.