மாமனாரின் புல்லுக்கு நான் செய்த வைத்தியம்

ரயில் தண்டவாளத்துக்கு நடுவில், ஜல்லியைப் பிளந்துகொண்டு, யாரும் விதைக்காமல் யாரும் தண்ணீர் விடாமல் வளர்வது புல். அதைப் பன்னிரண்டே நாளில் சாகடிக்க வேண்டுமென்றால் அதற்குப் படிப்பு வேண்டும். நான் செராமிக் டிப்ளமோ படித்திருக்கிறேன்.

நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒரு மே மாதம். எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அச்சுப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். பொம்மையோ ஊறுகாய் ஜாடியோ, எதைச் செய்வதானாலும் முதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைத் தண்ணீரில் கலந்து அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சு எடுக்கிற பதினோரு பேருக்கு நான் தலைவி. (பதினோரு பேரும் என்னைவிட மூத்தவர்கள். நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்வார்கள். பிரிவு ஒழுங்காக நடந்ததன் ரகசியம் அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.)

என் வேலைதான் வீட்டில் பிரச்சினை. "கல்யாணம் ஆயிடுச்சு, இன்னும் எதுக்கு மண்ணு குழப்பிக்கிட்டு?" என்பது அத்தையின் கட்சி. மாமனார் எந்தக் கட்சியும் இல்லை. அவர் பெண்ணாடத்து சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அங்கே அதிகாரி பங்களாவுக்கு முன்னால் ஒரு புல்வெளி இருந்ததாம். கையெழுத்து வாங்கப் போகும்போதெல்லாம் வேலிக்கு வெளியிலேயே நிற்பாராம். ஓய்வு பெற்றதும் விருத்தாசலத்தில் வீடு கட்டினார். முன்னால் நான்கு ஜமுக்காளம் விரிக்கிற அளவுக்கு இடம் விட்டு, கொரியன் புல் நட்டார். காலையில் குளித்ததும் வெறுங்காலோடு அதில் பத்து சுற்று நடப்பார், பிறகுதான் காபி. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் ஆலையே அவருடையது போல இருக்கும்.

அந்த மே மாதம் இருவரும் ஒரு யாத்திரைக் குழுவோடு காசிக்குக் கிளம்பினார்கள். போகிற அன்று அத்தை சபையைக் கூட்டி ஒப்பந்தம் போட்டார்.

"பன்னண்டு நாளு வூட்டையும் பாத்துக்கிட்டு வேலைக்கும் போயி காட்டட்டும். வர்றப்ப எல்லாம் ஒழுங்கா இருந்தா, போவட்டும். இல்லன்னா வேலைய வுட்டுடணும். சரியா?"

"சரிங்க அத்தை" என்றேன். ஆயிரத்து இருநூறு டிகிரி சூளைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவளுக்கு வீடு எம்மாத்திரம்!

மாமனார் மட்டும் என்னைத் தனியாகப் புல்லுக்கு அழைத்துப் போனார். "யம்மா, வெய்யில் ஏறுறதுக்கு முன்னாடியே தண்ணி வுட்டுடணும். உச்சிவேளையில வுடாத. தெனமும் தெளிக்காம, ரெண்டு நாளைக்கு ஒருக்கா நல்லா ஊறுற மாதிரி வுடு. இந்தக் கோடையில மட்டும் வெட்டாத, ரெண்டு வெரக்கடை ஒசரம் இருக்கட்டும். அதோட நெழலு அதுக்கே வேணும்."

இவ்வளவுதான் பாடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட ஒப்பித்துவிடும். ஆனால் டிப்ளமோ படித்தவர்கள் ஒப்பிக்க மாட்டோம், ஆராய்வோம்.

முதல் நாள் ஆராய்ந்தேன். புல் நீளமாக இருந்தால்தானே நிறையத் தண்ணீர் குடிக்கும்? கட்டையாக வெட்டிவிட்டால் தாகமும் குறையும். வெட்டினேன். மண் தெரிகிற அளவுக்கு வெட்டினேன். (தலைப்பிள்ளைக்கு மொட்டையடித்த மாதிரி அழகாகத்தான் இருந்தது.) பிறகு நேரம். மனிதர்களுக்கு மோர் எப்போது தேவை? உச்சி வெயிலில். அதனால் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனியிலிருந்து மொபெட்டில் பறந்து வந்து, அக்னி நட்சத்திர வெயிலில், தினமும் மேலாகத் தெளித்துவிட்டுப் போனேன். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயிலிருந்து முதலில் வந்த தண்ணீரில் டீ போடலாம். அதையும் புல்லுக்கே விட்டேன்.

ஐந்தாம் நாள் புல் மஞ்சளாயிற்று. ஆறாம் நாள் வைக்கோல். அன்று பார்த்து மாமனார் வழியிலிருந்து எஸ்டிடி பூத்தில் பேசினார்.

"புல்லு எப்புடிம்மா இருக்குது?"

"நாங்க நல்லா இருக்கோம் மாமா."

"அதில்லம்மா, புல்லு?"

"அதுவும்... அமைதியா இருக்குதுங்க மாமா."

போனை வைத்ததும் நேராக உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "போர் தண்ணியா? அப்ப உப்பு ஏறியிருக்கும். ஜிப்சம் கொஞ்சம் தூவி, நல்லா தண்ணி கட்டுங்க. இப்ப இருப்பு இல்ல, அடுத்த வாரம் வரும்" என்றார்.

அடுத்த வாரம் காசியே வந்துவிடும். மொபெட்டில் திரும்பி வரும்போதுதான் பாலக்கரைப் பக்கத்தில் எனக்கு ஞானம் பிறந்தது. ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்தால் வருவதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதில் தண்ணீர் பட்டால் மறுபடியும் ஜிப்சம். ஆக, எங்கள் கம்பெனி முழுக்க மூட்டை மூட்டையாக இருப்பது என்ன? புல்லுக்கு மருந்து! பரீட்சையில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

மேனேஜரிடம் சொல்லி, கம்பெனி வண்டியில் எட்டு மூட்டை வாங்கி வந்தேன். கொஞ்சமாகத் தூவினால் கஞ்சத்தனமாகத் தெரிந்தது, அதனால் முழுவதையும் கொட்டிப் பரப்பினேன். நல்லா தண்ணி கட்டச் சொன்னாரே, கட்டினேன். பிறகு திண்பண்டம் எதையாவது கொறிக்கலாம் என்று உள்ளே போனேன்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் நடத்துகிற பாடம் ஒன்று உண்டு: "பிளாஸ்டர்ல தண்ணி பட்டுச்சுன்னா கால் மணி நேரத்துல கல்லாயிடும், கைய வுட்டுடாதீங்க." அந்த ஊரில் இதை என்னைவிட அதிகம் முறை சொன்னவர் யாருமில்லை. ஆனால் கம்பெனியில் இருப்பது பிளாஸ்டர், வீட்டில் இருப்பது மருந்து. ஒரே பொருளுக்கு எனக்கு இரண்டு மூளை வேலை செய்திருக்கிறது.

வெளியே வந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, சமமாக, அற்புதமான தளம். தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும் என்பதும் என் பாடத்தில் வரும்.

என் கணவர் குமரேசன் சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் மேல் நின்று பார்த்தார். ஓரத்தில் ஒரு துண்டைப் பெயர்த்தார். உள்ளே புல் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தது.

"செல்வி, அச்சு நல்லா வந்திருக்கு. இதுல களிமண்ணைக் கரைச்சு ஊத்துனா பீங்கான்ல புல்லு வரும்."

அழுதேன். வேலை போய்விடும் என்பதற்காக அழுதேன். புல்லுக்காக அழவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். மறுநாளிலிருந்து உளியும் சுத்தியலுமாகப் பெயர்க்கப் பார்த்தோம். மூன்று நாளில் மூன்று முழம் பெயர்ந்தது. அதோடு புல்லும் வேரோடு வந்தது. பதினோராம் நாள் போன் வந்தது: "நாளைக்குக் காலைல வரோம். சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் சொல்லிட்டோம்."

அப்போதுதான் என் இரண்டாவது ஞானம். ஜாடிகளுக்கு அடிக்கிற பச்சை நிறப்பொடி. சூளையிலேயே மங்காத பச்சை, வெயிலிலா மங்கப் போகிறது? பெயர்த்த இடத்தைப் பிளாஸ்டராலேயே அடைத்தோம். பச்சைப் பொடியைக் கோந்துத் தண்ணீரில் கரைத்து, பக்கத்து வீட்டில் வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரை வாங்கி, மதியம் மூன்று மணிக்கு அடித்தேன். ஓரங்களில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்த வைக்கோல் முனைகளும் பச்சையாயின. கேட்டிலிருந்து பார்த்தால் ஏமாந்துவிடலாம். அவர்களை வாசலோடு வீட்டுக்குள் கூட்டிப்போய்விட வேண்டும், மழை வந்து புல் அழுகிவிட்டது என்று பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இதுதான் திட்டம். (மே மாதத்தில் மழை! அதைக்கூட யோசிக்கவில்லை.)

காலையில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் கம்மாபுரத்திலிருந்தும் உறவுகள் இருபத்தைந்து பேர் வந்து காத்திருந்தார்கள். காசிக்குப் போய்வந்தவர்களுடைய பாதத்தை மருமகள் தண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதன் பிறகு எல்லோரும் காலில் விழுந்து ஆசி வாங்குவார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கிய மாமனார் யாரையும் பார்க்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"யப்பா! நான் இருந்தப்பகூட இவ்ளோ பச்சையா இல்லியே!"

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக ஒரு மரியாதை. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அரை நிமிடம் நீடித்தது.

"உள்ள எதுக்கு, புழுங்கும்? இங்கியே புல்லு மேல நாக்காலி போடுங்க. இங்கியே எல்லாம் நடக்கட்டும்!" என்றார் மாமனார்.

"வேணாங்க மாமா, எறும்பு..." என்றேன். இருபத்தைந்து பேரில் யார் காதிலும் அது விழவில்லை. கூட்டமும் கூச்சலுமாக நாற்காலி போட்டு, மாமனாரைச் செருப்போடு இழுத்து உட்கார வைத்தார்கள், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. தாம்பாளமும் சொம்பும் என் கையில் வந்தன. பாதம் கழுவ வேண்டியது நானேதான். என்னால் முடிந்தது, சொட்டுச் சொட்டாக விட்டதுதான்.

"என்னாம்மா, தண்ணிப் பஞ்சமா? தாராளமா வுடு!" என்றார் கம்மாபுரத்து சின்ன மாமனார். சொம்பை என் கையிலிருந்து பிடுங்கி அவரே ஊற்றினார். தாம்பாளம் நிறைந்து, வழிந்து, சுற்றிலும் ஓடியது. கோந்து கரைந்தது. அண்ணன் பாதத்தைக் கழுவிய பூரிப்பில் அவர் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு.

எழுந்தபோது முன்பக்கம் முழுவதும் பச்சை. அவருக்குத் தெரியவில்லை. அடுத்து அவர் சம்சாரம் விழுந்தார், பிறகு அவர்கள் மாப்பிள்ளை. மாமனாரின் கால்களும் தாம்பாளத்திலிருந்து இறங்கிப் பச்சையாகியிருந்தன. ஸ்ரீமுஷ்ணத்துப் பெரியம்மா அந்தப் பாதங்களைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெருமாளே! காசிக்குப் போயிட்டு வந்து காலு உன் நெறமாவே ஆயிட்டுதே!" என்று இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகு அவர் கண்ணைச் சுற்றி இரண்டு பச்சை வட்டங்கள்.

பச்சை நெற்றிகளும் பச்சை முழங்கைகளுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய நேரத்தில், மாமனாரின் நாற்காலிக் கால் 'டப்' என்று தளத்தை உடைத்துக்கொண்டு இறங்கியது. குமரேசன் பிடித்துக்கொண்டதால் அவர் விழவில்லை. குனிந்து, உடைந்த துண்டு ஒன்றை எடுத்தார். மேலே பச்சை, கீழே வெள்ளை. பர்பித் துண்டு மாதிரி இருந்தது. அதற்குள் அவருடைய புல் இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை, உச்சிவேளைத் தண்ணீர், பிளாஸ்டர், பச்சை, எதையும் மறைக்கவில்லை. மாமனார் அந்தத் துண்டிலிருந்து ஒரு புல்லை நகத்தால் நெம்பி எடுக்கப் பார்த்தார். அது உடைந்துவிட்டது. அவர் கண் கலங்கியிருந்தது. இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான்.

அத்தை ஆரம்பித்தார். "நான் அப்பவே சொன்னேன். ஒப்பந்தப்படி வேலைய..."

மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யம்மா, நீ கம்பெனியில இதே பிளாஸ்டர்தான கலக்குற?"

"ஆமாங்க மாமா."

"அங்க இந்த மாதிரி எதனா ஆயிருக்கா?"

"ஒரு அச்சுகூட வீணானதில்லீங்க மாமா."

துண்டைக் கீழே வைத்தார். "அப்ப கோளாறு உங்கிட்ட இல்ல. உன்ன வூட்ட பாத்துக்க வுட்டதுலதான்" என்றார். அத்தையிடம் திரும்பி, "பன்னண்டு நாள்ல, அதுவும் வேலைக்குப் போன நேரம் போக மிச்ச நேரத்துல, இவ்ளோ பண்ணியிருக்குது. முழுசா வூட்டுலயே இருந்தா நம்ம கதி என்ன, நெனச்சுப் பாரு. திங்கக்கெழம அது வேலைக்குப் போவட்டும். ஞாயித்துக்கெழமகூட கம்பெனி இருக்குதான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

பச்சைக் கண்களோடு பெரியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். கடைசியாக அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேட்டிகளில் ஏறிய பச்சை எதற்கும் போகவில்லை.

அந்தக் கம்பெனியில் நான் இன்றும் இருக்கிறேன், மேனேஜராக. எங்கள் சொந்தத்தில் ஒரு பழக்கமும் அப்படியே தங்கிவிட்டது. எந்த வீட்டு விசேஷமானாலும் சரி, பெரியவர்கள் காலில் விழுவதற்கு முன்னால் எல்லோரும் தரையை ஒரு விரலால் தடவிப் பார்க்கிறார்கள். போன தை மாதம் குமரேசனின் அக்கா மகள் கல்யாணம். மாப்பிள்ளை வெளியூர்க்காரர். மணப்பெண் விரலால் தடவி, விரலை எல்லோருக்கும் காட்டிவிட்டு என் காலில் விழுந்தாள். ஒன்றும் புரியாமல் நின்ற அந்த மாப்பிள்ளையும், சாஸ்திரம் போலிருக்கிறது என்று பயபக்தியோடு குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுந்தார்.